உருவாஞ்சுருக்கு

மார்கழி விடியலில் மதுரை மாவட்டத்து உசிலம்பட்டிப் பக்கத்துச் சமையலறைகளில் ஒன்றைப் பார்க்கலாம். ரேஷன் கடையில் வாங்கிய பாமாயில் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துத் தூக்குச்சட்டியில் ஊற்றி வைத்திருப்பார்கள். முந்தின நாள் மாலைவரை மஞ்சளாகத் தெளிந்து கிடந்த எண்ணெய், விடிந்து பார்த்தால் அடியில் வெள்ளை வெள்ளையாகத் திப்பி கட்டிக் கிடக்கும். அடுப்பு மேட்டில் சற்று நேரம் வைத்தால் இளகிப் பழைய நிலைக்கு வந்துவிடும். எண்ணெய் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. கெடவில்லை. அந்த எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பால்மிட்டிக் அமிலம். தனியே பிரித்தெடுத்தால் 63 டிகிரி செல்சியஸ் வரை உருகாத பொருள் அது. அதை மிகுதியாகச் சுமக்கிற கொழுப்பு, குளிர் லேசாகத் தட்டியதும் முதலில் உறைகிறது.

லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த எண்ணெயிலிருந்துதான் அந்த அமிலத்துக்குப் பெயரும் வந்தது. 1840இல் பிரெஞ்சு வேதியியலாளர் எட்மண்ட் ஃப்ரெமி பாமாயிலைச் சோப்பாக்கிப் பார்த்தபோது இதைக் கண்டெடுத்தார். பாம் என்றால் பனை. 16 கரியணுக்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கும் ஒரு சங்கிலி. நெய்யில் உண்டு, ஆட்டுக்கொழுப்பில் உண்டு, தாய்ப்பாலில் உண்டு. ஒருவர் பாமாயிலை ஒரு சொட்டுக்கூடத் தொடாவிட்டாலும் அவர் உடல் தானே இதைத் தயாரித்துக்கொள்ளும். சோற்றில் மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றும்போது அங்கே முக்கியமாக உருவாகும் கொழுப்பமிலம் இதுதான். இதை எரித்துச் சக்தி பெறுவதோடு செல்கள் நிறுத்திக்கொள்வதில்லை. புரதங்களை இடம்பார்த்துக் கட்டிவைக்கும் கயிறாகவும் இதைப் பயன்படுத்துகின்றன.

கட்டிவைப்பதற்குத் தேவை இருக்கிறது. செல் என்பது நீரும் கொழுப்பும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் சேர்ந்து குடித்தனம் நடத்தும் வீடு. உள்ளே நீர், சுற்றுச்சுவராக இரண்டு அடுக்குக் கொழுப்பாலான சவ்வு. புரதங்களில் பல நீரில் கரைந்து அலைகின்றன. வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கிக் கடத்த வேண்டுமென்றால் அவை சவ்வின் ஓரமாக வந்து நிற்க வேண்டும். நீரில் அலைவது கொழுப்பில் ஒட்டாது. அப்படிப்பட்ட புரதத்தின் உடம்பில் ஒரு கொழுப்பு வாலைக் கட்டிவிட்டால் வால் சவ்வுக்குள் புதைந்துகொள்ளும், புரதம் அங்கேயே நிற்கும்.

வாலைக் கட்டுவதில் பல வகை முடிச்சுகள் உண்டு. மிரிஸ்டிக் அமிலம் என்னும் 14 கரியணுக் கொழுப்பைப் புரதத்தின் நுனியில் உள்ள கிளைசினில் கட்டுவது ஒரு வகை. ஃபார்னெசில் என்னும் இன்னொரு வகைக் கொழுப்பைக் கந்தகத்தோடு இறுக்கிக் கட்டுவது மற்றொன்று. இவ்விரண்டும் போட்டால் போட்டதுதான். பெரும்பாலும் புரதம் அழியும்வரை உடனிருக்கும். பால்மிட்டிக் அமிலத்தைக் கட்டும் முறை வேறு. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தில், தையோஎஸ்டர் என்ற பிணைப்பால் அது தொங்குகிறது. இந்தப் பிணைப்பை அவிழ்க்க முடியும்.

உசிலம்பட்டி வட்டாரத்துத் தொழுவங்களில் இதற்குப் பொருத்தமான முடிச்சு ஒன்று இருக்கிறது. கட்டுத்தறியில் மாட்டைக் கட்டும்போது கயிற்றை இரட்டையாக மடித்து, நுனியை முழுவதும் இழுத்துவிடாமல் காதுபோல் விட்டுப் போடுவார்கள். உருவாஞ்சுருக்கு என்பார்கள். மாடு தன் பக்கமிருந்து எவ்வளவு இழுத்தாலும் அது பிடிவிடாது. ஆள் வந்து தொங்கும் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் சரசரவென்று உருவிக்கொள்ளும். வைக்கோற்படப்பில் தீப்பிடித்த நேரத்தில் கடுமுடிச்சை நகத்தால் நெருடிக்கொண்டிருக்க முடியாது. கட்டும்போதே அவிழ்ப்பதையும் நினைத்துப் போட்ட முடிச்சு இது. செல்லும் தன் கொழுப்புக் கயிற்றை அப்படித்தான் கட்டியிருக்கிறது. அதன் பயன் முழுவதும் அது அவிழ்வதில் இருக்கிறது என்பதை அறிவியல் புரிந்துகொள்ளச் சில பத்தாண்டுகள் ஆயின.

முதல் தடயம் ஒரு வைரஸிலிருந்து வந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மைக்கேல் ஷ்மிட்டும் மில்டன் ஷ்லெசிங்கரும் சிண்ட்பிஸ் என்ற வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். எகிப்தில் ஒரு கிராமத்தின் பெயர் அது. 1979இல், அந்த வைரஸின் மேலுறைப் புரதங்களில் கொழுப்பமிலம் இணைந்திருப்பதை அவர்கள் அறிவித்தார்கள். ஒட்டிக்கொண்ட அழுக்காக இருக்குமோ என்று கழுவிப் பார்த்தும் போகவில்லை. புரதத்தோடு வேதிப்பிணைப்பாகவே அது சேர்ந்திருந்தது.

சிண்ட்பிஸ் என்ற பெயர் மதுரைக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. அதன் பங்காளியைத் தெரியும். 2006இல் தமிழகத்தில் பரவிய சிக்குன்குன்யா அதே ஆல்ஃபாவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. வளைந்து மடங்குவது என்று பொருள்படும் மகோண்டே மொழிச் சொல் அது. ஊர்வாயில் சிக்கன் குனியா என்று திரிந்தபோதும் அந்தப் பொருள் கெடவில்லை. காய்ச்சல் கண்டவர்கள் குனிந்துதான் நடந்தார்கள். களையெடுக்கப் போனவர்களால் மண்வெட்டிக் காம்பைப் பிடிக்க முடியவில்லை, காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் மூட்டு விடவில்லை. கொசுவால் பரவும் நோய்களுக்கென்றே மதுரையில் இயங்கிவந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் பரிசோதித்த நோய்களில் இதுவும் ஒன்று. சிக்குன்குன்யா வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள ஒரு புரதத்தைச் சவ்வில் நங்கூரமிட வேண்டும். அந்தப் புரதத்தின் சிஸ்டீன்களில் பால்மிட்டிக் அமிலம் கட்டப்படுகிறது. அந்தச் சிஸ்டீன்களை மாற்றிவிட்டால் வைரஸ் பெருகத் திணறுகிறது. முடிச்சைப் போடும் நொதி வைரஸிடம் கிடையாது. நம் செல்லின் நொதியையே அது வேலை வாங்குகிறது. கொரோனா வைரஸின் முள் புரதமும் இப்படித்தான். அதன் வாலில் உள்ள 10 சிஸ்டீன்களில் மனித நொதிகள் கொழுப்பைக் கட்டிக்கொடுக்கின்றன என்பது 2021இல் வெளிவந்தது.

இரவல் கயிற்றில் வைரஸ் கட்டிக்கொள்வது கதையின் ஒரு பக்கம்தான். செல் தன் சொந்தக் காரியத்துக்கு முடிச்சை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதற்கு ராஸ் என்ற புரதம் நல்ல சான்று.

செல் வளர வேண்டுமா, பிரிய வேண்டுமா என்ற சேதியைக் கடத்துவது ராஸ். அதன் மரபணுவில் பிழை நேர்ந்தால் வளர்ச்சிச் சேதி ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். புற்றுநோய்களில் மிக அடிக்கடி பழுதாகக் காணப்படும் மரபணுக் குடும்பங்களில் இது ஒன்று. என்-ராஸ், எச்-ராஸ் ஆகிய இரு வகைகளிலும் முதலில் ஃபார்னெசில் கடுமுடிச்சாக விழுகிறது. அது மட்டும் போதாது. புரதம் சவ்வைத் தொட்டுத் தொட்டு நழுவிவிடும். மேலே பால்மிட்டிக் அமிலம் ஒன்றோ இரண்டோ உருவாஞ்சுருக்காக விழுந்த பிறகே நிலைகொள்ளும். 1980களில் இதை அளந்தவர்களுக்குக் கிடைத்தது எதிர்பாராத கணக்கு. என்-ராஸ் புரதம் ஒரு நாளளவுக்கு உயிரோடிருக்கிறது. அதில் கட்டிய கொழுப்பு ஏறக்குறைய 20 நிமிடத்தில் பாதி கழன்றுவிடுகிறது. ஒரே புரதத்தைச் செல் ஒரே நாளில் பலமுறை கட்டுகிறது, அவிழ்க்கிறது.

எதற்கு இந்த வீண்வேலை என்று தோன்றும். 2005இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். செல்லுக்குள் கோல்கி என்ற கிடங்கு இருக்கிறது. ராஸுக்கு அங்கேதான் கொழுப்புக் கட்டப்படுகிறது. கட்டியதும் சிறு பைகளில் ஏறி வெளிச்சவ்வுக்குப் போகிறது. எங்கே இருந்தாலும் அவிழ்க்கும் நொதி வந்து கழற்றிவிடுகிறது. கழன்ற ராஸ் எல்லாச் சவ்வுகளிலும் அலைந்து மறுபடி கோல்கியில் மாட்டுகிறது. அவிழ்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டால், புரதம் போகவேண்டிய இடம் பிசகி எல்லாச் சவ்வுகளிலும் பரவிவிடும். முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருப்பதால்தான் ராஸ் தன் இடத்தில் இருக்கிறது. புற்றுநோய்களில் அதிகம் பழுதாகும் கே-ராஸின் முக்கிய வடிவத்துக்கு மட்டும் இந்த முடிச்சு கிடையாது. கொழுப்பைக் கழற்றியோ நிறுத்தியோ எல்லாப் புற்றையும் அடக்கிவிடலாம் என்ற ஆசை அந்த ஓரிடத்தில் தடுக்கி விழுகிறது.

முடிச்சுப் போடும் கைகள் 2002 வரை பிடிபடவில்லை. அந்த ஆண்டு ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் பூஞ்சையில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே வகை நொதிகளைக் கண்டன. ஈஸ்ட்டில் 7, மனிதரில் 23. ஒவ்வொன்றும் சவ்வுக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. கொழுப்பை முதலில் தன் சொந்தச் சிஸ்டீனில் வாங்கிக்கொண்டு பிறகு புரதத்துக்குக் கைமாற்றுகிறது. 2018இல் அமெரிக்காவில் அனிர்பன் பானர்ஜியின் குழு இந்நொதிகளில் ஒன்றின் உருவத்தைப் படம்பிடித்தது. நான்கு தூண்கள் கூம்பாகச் சாய்ந்து நடுவே ஒரு குகை. 16 கரியணுச் சங்கிலி உள்ளே நீட்டிப் படுக்கும் அளவுக்கு அதன் நீளம் இருக்கிறது. குகையின் உள்ளோரத்து அமினோ அமிலங்களை மாற்றினால், கூடிய நீளமோ குறைந்த நீளமோ உள்ள கொழுப்புகளை நொதி விரும்பத் தொடங்குகிறது. அவிழ்க்கும் நொதிகள் வேறு குடும்பம்; செல்நீரில் சில, சவ்வில் சில, லைசோசோம் என்னும் செல்லின் குப்பைக்குழியில் சில.

மூளையில்தான் இந்த முடிச்சுக்கு வேலை அதிகம். நரம்பணுக்கள் தொட்டுப் பேசும் சினாப்ஸ் என்ற சந்திப்பில், பிஎஸ்டி-95 என்ற புரதம் சேதி வாங்கும் வாங்கிகளைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதைச் சந்திப்பில் இருத்துவது பால்மிட்டிக் அமிலம். நரம்பணு மிகச் சுறுசுறுப்பாகப் பேசும்போது கொழுப்பு வேகமாகக் கழன்று, வாங்கிகள் குறைகின்றன என்று 2002இல் கலிஃபோர்னியாவின் டேவிட் பிரெட் குழு காட்டியது. ஒரு சந்திப்பு வலுப்படுவதும் தளர்வதும் கற்றலோடு தொடர்புடையவை என்பதால், நாம் படித்ததை நினைவில் நிறுத்துவதில்கூட இந்தக் கயிற்றுக்குப் பங்கிருக்கிறது. அதைக் கட்டும் நொதிகளில் ஒன்றின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதானால் ஆண்பிள்ளைகளுக்கு அறிவு வளர்ச்சி குன்றுகிறது என்பது 2007இல் தெரியவந்தது. ஹண்டிங்டன் நோயில் பழுதாகும் ஹண்டிங்டின் புரதத்துக்கு உரிய முடிச்சு குறையும்போது அது அதிகமாகக் கட்டிதட்டுகிறது என்று 2006இல் வான்கூவரின் மைக்கேல் ஹேடன் குழு கண்டது.

இவை முடிச்சு விழாததோடு தொடர்புடைய நோய்கள். அவிழாததால் வரும் நோய் இவற்றைவிடக் கொடியது.

1973இல் பின்லாந்தின் பிர்க்கோ சந்தவுவோரியும் மாட்டி ஹால்டியாவும் ஒரு குழந்தைநோயை விவரித்தார்கள். பிறந்த குழந்தை எல்லாக் குழந்தையும் போலவே சிரிக்கும், தவழும், சில குழந்தைகள் எழுந்து நிற்கும். ஒரு வயதை ஒட்டித் தலையின் வளர்ச்சி தடைப்படும். கைகள் ஓயாமல் ஏதோ பின்னுவதுபோல ஆடும். மதுரை மல்லி பயிராகும் ஊர்களில் பெண்கள் பேசிக்கொண்டே பூக்கட்டுகையில் விரல்கள் போகும் வேகத்தை அறிந்தவர்களுக்கு அந்த அசைவு எப்படியிருக்கும் என்பது புரியும். இங்கே நாரும் பூவும் இல்லை, விரல்கள் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இரண்டு வயதுக்குள் பார்வை மங்கும், வலிப்பு வரும். கற்ற சொல் ஒவ்வொன்றாகப் போய்விடும். பெரும்பாலான குழந்தைகள் பதின்வயதை எட்டுவதில்லை.

காரணம் 1995இல் கிடைத்தது. அதன் நூலை முதலில் பற்றியவர் வேறொரு காரியமாகத் தேடியவர். டல்லாஸில் சாண்ட்ரா ஹாஃப்மன், ராஸிலிருந்து கொழுப்பைக் கழற்றும் நொதியைத் தேடிக்கொண்டிருந்தார். 1993இல் மாட்டு மூளையிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தார். ஆனால் அது லைசோசோமில் வேலை செய்யும் நொதி. ராஸ் இருக்கும் இடத்துக்கே வருவதில்லை. பயனற்ற கண்டுபிடிப்போ என்ற நிலையில், பின்லாந்தின் லீனா பெல்டொனென் குழு குழந்தைநோயின் மரபணுவைத் துரத்திக்கொண்டு வந்து அதே நொதியின் வாசலில் நின்றது. பிபிடி1 என்ற அந்த நொதி, வாழ்ந்து முடித்துக் குப்பைக்குழிக்கு வரும் புரதங்களிலிருந்து பால்மிட்டிக் அமிலத்தை உருவி எடுக்கிறது. நொதி இல்லையென்றால் கொழுப்பு வாலோடு கூடிய துணுக்குகள் செரிக்காமல் நரம்பணுவுக்குள் துகள்துகளாகச் சேர்கின்றன. நரம்பணுக்களால் பிரிந்து பெருகிப் புதிதாக முடியாது. குவியும் குப்பையோடு அவை மெல்லச் சாகின்றன.

பின்லாந்தில் பழைய குடியேற்றத்தின் காரணமாக இந்த நோய் அதிகம், ஏறக்குறைய 20,000 பிறப்புக்கு ஒன்று. இந்தியாவிலும் இந்நோய்க் குடும்பத்தைச் சேர்ந்த குழந்தைகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் மருத்துவர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். அப்பா ஒரு பழுதுப் பிரதியும் அம்மா ஒரு பழுதுப் பிரதியும் தந்தால்தான் குழந்தைக்கு நோய். ஒரு பிரதி மட்டும் சுமப்பவர் ஆயுள் முழுக்க நலமாகவே இருப்பார், தான் சுமப்பது அவருக்கே தெரியாது.

மதுரைச் சீமையின் கல்யாண வழக்கம் கணக்கில் வருவது இந்த இடத்தில்தான். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று முறைப்படி மணப்பது இங்கே உறவைக் காக்கும் வழி. நிலம் சிதறாமல் இருக்க, மகள் கண்காணாத இடத்துக்குப் போகாமல் இருக்கக் கண்ட வழி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதம் திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. தாய்மாமனை மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேர 8இல் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகனை மணந்தால் 16இல் ஒரு பங்கு. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் இரண்டாவது குழந்தைக்கும் அதே வலிப்பு, அதே பார்வையிழப்பு வரும்போது, அதைச் சாமி குற்றம் என்றோ செய்வினை என்றோ தள்ளிவிடாமல் கேட்கவேண்டிய கேள்வி இதற்குள் இருக்கிறது. பெற்றோர் இருவரும் ஒரு பழுதுப் பிரதியைச் சுமந்தால், அடுத்த கருவுக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

உசிலம்பட்டிக்கு இந்தக் கேள்வி இன்னொரு வகையிலும் உரியது. 1980களில் பெண் சிசுக்கொலைச் செய்திகளால் நாடு முழுக்கப் பேசப்பட்ட ஊர் இது. பிறந்தது பெண் என்றால் பழியைத் தாய் சுமந்த காலத்தின் வடு அவ்வளவு எளிதில் மறையாது. நோயுற்ற குழந்தை பிறந்தாலும் பழி தாயின் தலையில்தான் விழுகிறது: கிரகணத்தில் வெளியே வந்தாள், ஆகாததைத் தின்றாள் என்பார்கள். பாமாயில் தின்றதால் என்றுகூட ஒருவர் சொல்லக்கூடும். ரேஷன் எண்ணெய்க்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. பிபிடி1 நோயில் தாயும் தகப்பனும் சரிபாதிக் காரணம். எக்ஸ் குரோமோசோம் வழியே தாயிடமிருந்து மகனுக்குப் போகும் நோயிலும்கூட அந்தப் பிரதி அவளுக்குப் பிறப்பிலேயே வந்தது. அவள் செய்தது எதுவும் அதில் இல்லை. இதை ஒரு மருத்துவர் மாமியார் முன்னிலையில், தகப்பனும் உடனிருக்க, தமிழில் நிதானமாகச் சொன்னால் அந்த வீட்டில் ஒரு பெண்ணின் வாழ்க்கை காப்பாற்றப்படும்.

சிகிச்சை இன்னும் முழுமையாகக் கைவரவில்லை. முடிச்சு வேதிப்பிணைப்புதானே, நொதிக்குப் பதில் ஒரு வேதிப்பொருளைக் கொடுத்து அவிழ்க்கலாமே என்று அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் அனில் முகர்ஜியின் குழு முயன்றது. சிஸ்டியமைன் என்ற மருந்தை ஒன்பது குழந்தைகளுக்குக் கொடுத்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். இரத்த வெள்ளணுக்களில் தேங்கியிருந்த துகள்கள் குறைந்தன. நோயை நிறுத்த முடியவில்லை என்று 2014இல் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அதே குழுவில் சின்மய் சர்க்கார் முதலானோர், தையோஎஸ்டர் முடிச்சை அவிழ்க்கும் இன்னொரு சிறு மூலக்கூறை நோயுற்ற எலிகளுக்குக் கொடுத்தார்கள். மூளையணுக்கள் சாவது குறைந்தது, எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. எலியிலிருந்து குழந்தைக்கு வரும் வழி நீளமானது. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நோய்க்கு, குறைந்த நொதியை மூளைநீரில் செலுத்தும் சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெற்றோர்களின் எதிர்பார்ப்பு இப்போது அந்த வழியையும் மரபணுச் சிகிச்சையையும் சார்ந்திருக்கிறது.

மருந்து வரும்வரை நோயின் பெயராவது வேண்டும். பெயர் தெரிந்தால் வீண் அலைச்சல் நிற்கும், அடுத்த கருவைப் பரிசோதிக்கலாம், அக்காள் தங்கைகளின் பிள்ளைகளுக்கு வழி சொல்லலாம். அதற்கான பரிசோதனை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. குழந்தையின் குதிகாலிலோ விரலிலோ ஊசி குத்தி, தடித்த வடிதாள் அட்டையில் அச்சிட்ட வட்டங்களுக்குள் இரத்தச் சொட்டுகளை விடுகிறார்கள். நிழலில் உலர வைத்து உறையில் போட்டால் தபாலிலேயே ஆய்வகத்துக்குப் போய்விடும். உலர்ந்த பொட்டிலும் நொதி செத்துப்போவதில்லை. ஆய்வகத்தில் அந்தப் பொட்டிலிருந்து ஒரு சிறு வட்டம் துளைத்தெடுத்து, ஒரு செயற்கைப் பொருளோடு நனைத்து வைப்பார்கள். ஒளிரும் சாயம் ஒன்றைப் பால்மிட்டிக் அமிலத்தோடு தையோஎஸ்டர் முடிச்சில் கட்டிய பொருள் அது. கட்டுண்டிருக்கும்வரை சாயம் ஒளிராது. இரத்தத்தில் பிபிடி1 இருந்தால் முடிச்சை அவிழ்க்கும், இன்னொரு நொதி மிச்சக் கட்டையும் எடுத்துவிடும், புற ஊதா ஒளியில் குழி நீலமாகச் சுடர்விடும். ஒரு தட்டில் வரிசையாகப் பல குழிகள். எல்லாம் நீலமாக இருக்க, ஒன்று மட்டும் இருண்டு கிடந்தால், ஆய்வகப் பணியாளர் அட்டையை எடுத்து அதன் ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கும் குழந்தையின் பெயரையும் ஊரையும் படிக்கிறார்.